தேறலும் தோட்டத்துக் கள்ளும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் சங்கப் பாடல் நடத்தும் ஆசிரியர் 'தேறல்' என்னும் சொல்லுக்குக் 'கள்' என்று பொருள் கூறி மேற்செல்வாராயின், மாணவர் மனக்கண்முன் எழுவது பழைய கள்ளுக்கடையே. அதை நேரிற் கண்டிராத பிள்ளைகளும் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பர். அகராதி நோக்கில் அப்பொருள் பிழையன்று. ஆயினும் பண்டத்தை நோக்கின், இரண்டும் ஒன்றல்ல.

தேறல் என்பது தெளிவு. தேறு என்னும் அடியிற் பிறந்த சொல். வண்டல் கீழே தங்க, மேலே தெளிந்து நிற்பது. திருமுருகாற்றுப்படையில் மலைவாணர் மூங்கிற் குழாயில் நெடுநாள் வைத்து விளைந்த தேறலை உண்கின்றனர். கபிலரின் புறப்பாட்டொன்றில் அது நிலத்திற் புதைத்து முதிர வைக்கப்படுகிறது. நக்கீரரோ, யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்திற் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகின்றார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த இருகைச் சாடி ஓடுகள், மத்தியதரைக் கடல் நாட்டு மது தமிழகக் கரையில் வந்திறங்கியதற்குச் சான்று. ஆதலின் 'நாட்பட வைத்துத் தெளிந்த மது' என உரைத்தலே தகும்.

இதற்கு இன்றைய ஒப்புமை வேண்டின், போர்ட் மதுவைக் காட்டலாம். மலாக்காவாசிகளுக்குப் போர்த்துகீசியர் அயலாரல்லர். ஆனால் 1511இல் நகரைப் பிடித்த அல்புகர்க்கின் வீரர்கள் போர்ட் மதுவை அறியார். அப்பெயர் வழங்கியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது மலாக்கா டச்சுக்காரர் கையில் இருந்தது! திராட்சைச் சாறு பாதி புளித்த நிலையில் வடிசாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்துவர். இனிப்பு எஞ்சும், சாராயச் சத்து நூற்றுக்கு 20 அளவில் நிற்கும்.

அதன் முதுமை இருவகைப்படும். 'டானி' எனப்படுவது மரப்பீப்பாயில் 10, 20, 40 ஆண்டுகளும் கிடக்கும். மரத்தின் வழியே காற்றுச் சிறிது சிறிதாகப் பட்டு, செந்நிறம் மங்கிச் செங்கல் நிறமாகும். சுவைப்போர் அதில் வாதுமையும் உலர்ந்த அத்தியும் மணக்கக் காண்பர். 'விண்டேஜ்' வகை இரண்டு மூன்றாண்டுகளில் புட்டிக்குள் அடைபட்டு, காற்றறியாமல் முதிரும். முன்னது திறந்தபின்னும் சில வாரம் தாங்கும். பின்னது இரண்டு மூன்று நாளில் மணமிழக்கும். முன்பே காற்றோடு பழகியதற்குக் காற்றால் அச்சமில்லை போலும்! விண்டேஜ் புட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டல் தங்கிய பின், தெளிவை மட்டும் மெல்ல வேறு கலத்தில் இறுப்பர். நம் முன்னோர் இதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

தென்னங்கள்ளின் கதை வேறு. கலயத்திற் சுண்ணாம்பு தடவாவிடில் பாளைச்சாறு சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் சாராயச் சத்து நூற்றுக்கு 4, 5 வரை ஏறும். மறுநாளே புளித்துக் காடியாகும் வழியில் நிற்கும். புதைத்து வைத்தாலும் முதிராது, கெடும்.

டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டதிலிருந்து மலாக்காவின் தோட்டத் தொழில் வளர்ந்தது. பால்வெட்ட வந்த தமிழருக்கு வாய்த்தது நாளைக்கென எடுத்து வைக்க முடியாத இப்பானமே. கடையோ அரசாங்க உரிமத்தின்பேரில் லயத்தருகே நடந்தது. அன்றைய கள் அன்றே தீர வேண்டும்; அதனோடு கூலியிலும் ஒரு பங்கு தீர்ந்தது. தோட்டத் தமிழனைக் குடிகாரன் என்று இகழ்ந்தோர் கடை அங்கே நின்ற காரணத்தை எண்ணியதில்லை. தொழிலாளரோ எண்ணினர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தோர், ஊதிய உயர்வு கேட்ட அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடுக என்றும் கேட்டிருந்தனர்.