காருகுறிச்சி அருணாசலமும் கரிசல் நாட்டு ரசிகர்களும்

காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நாதஸ்வரக் கலைஞர். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவிக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியில் பிறந்தார். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவருடன் இரண்டாவது நாயனமாக வாசித்தார். பின்னர் கோவில்பட்டியில் குடியேறி, தனிக் கலைஞராகப் புகழ் பெற்றார். 1962ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஒலிக்கும் நாதஸ்வரம் இவருடையது. அவர் வாசித்ததில் ஒலிப்பதிவாக எஞ்சியிருப்பது மிகச் சிறிய பகுதியே. மீதியெல்லாம் தெருவிலும் பந்தலிலும் கோயில் வாசலிலும் வாசிக்கப்பட்டு, கேட்டவர்களோடு போய்விட்டது. ஆகவே அவருடைய இசை வரலாற்றை எழுதும்போது அவருடைய ரசிகர்களின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கரிசலும் இசையும்

ஆமத்தூர், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே உள்ள ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களால் இன்று அறியப்படும் வட்டாரம் இது. இங்கிருந்து சாத்தூர் வழியாகத் தெற்கே சென்றால் கோவில்பட்டி. அதற்கும் அப்பால் எட்டயபுரம், விளாத்திகுளம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்த இந்தக் கறுப்பு மண் பரப்பு முழுவதையும் கரிசல் நாடு என்று அழைப்பது வழக்கம்.

கர்நாடக இசை என்றதும் காவிரிக் கரையும் சென்னை சபாக்களும் நினைவுக்கு வருவது இயல்பு. கரிசலை யாரும் நினைப்பதில்லை. ஆனால் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் காலமானது எட்டயபுரத்தில்தான். அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. தீட்சிதர் மரபின் கீர்த்தனைகளைச் சுரக் குறிப்புகளுடன் தொகுத்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904ல் அச்சானதும் எட்டயபுரத்தில்தான். கரிசலில் இசைக்கு அரண்மனை ஆதரவு இருந்தது என்பதற்கு இவை சான்று.

அரண்மனைக்கு வெளியே இருந்த இசைக்குச் சான்று விளாத்திகுளம் சுவாமிகள். நல்லப்ப சுவாமிகள் என்பது இயற்பெயர். பாட்டின் சொற்கள் எதுவுமின்றி ராகத்தை மட்டும் பாடுவது அவர் வழி. சொல்லைப் பற்றிக்கொண்டு இசையைத் தொடர்பவருக்கு அவரிடம் பிடி எதுவும் கிடைக்காது. ராகத்தின் நடையையே கேட்டாக வேண்டும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்தச் சூழலில் இசைப் பித்து ஏறியவர்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்த கி.ரா. சங்கீதம் கற்க முயன்றதும், சுவாமிகளைப் பற்றி எழுதியதும் தற்செயல் அல்ல.

இவர்கள் படித்தவர்கள், எழுதியவர்கள். எழுதாத ரசிகர்கள் எத்தனையோ மடங்கு. அந்தக் கூட்டத்தின் காது நையாண்டி மேளத்தில் பழகியது. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் நாயனமும் தவிலும் பம்பையும் தமுக்கும் உண்டு. கோயில் மேளத்தின் இரண்டு முதன்மைக் கருவிகளும் இதிலும் இருப்பவை. எனவே அம்மன் கோயில் பொங்கலில் நையாண்டி கேட்டு வளர்ந்த ஒருவர், ராகத்தின் பெயர் தெரியாமலேயே, ‘இந்த நாயனம் சுத்தமாகப் பேசுகிறது, இது பிசிறடிக்கிறது’ என்று சொல்லிவிடுவார். காருகுறிச்சியாருக்குக் கிடைத்த கூட்டம் இத்தகையது. இசை வரலாற்று நூல்கள் இவர்களைப் ‘பாமர ரசிகர்கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன. அந்தச் சொல் பொருத்தமாக இல்லை.

(நாகசுரம் என்பதே பழைய பெயர் என்று ஆய்வாளர் பலர் வாதிடுவர். கரிசல் பேச்சு வழக்கில் இரண்டும் இல்லை, ‘நாயனம்’தான்.)

குருவின் வழி

ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதஸ்வரத்தின் இடத்தையே மாற்றியவர். அதுவரை நாதஸ்வரக்காரர் சட்டையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றோ நடந்தோ வாசிப்பது வழக்கம். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, நாயனத்துக்குத் தெரு என்பது எழுதாத விதி. ராஜரத்தினம் பிள்ளை தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். ஷெர்வானி அணிந்தார். மேடை போட்டால் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். இவற்றை ஒரு கலைஞனின் செருக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. சாதி வகுத்துவைத்த மரியாதைக் கணக்கை அவர் மேடையிலேயே திருத்தினார்.

கருவியிலும் மாற்றம் வந்தது. குட்டையாகவும் உச்சச் சுருதியிலும் இருந்த திமிரி நாயனத்துக்குப் பதிலாக, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை அவர் நிலைநிறுத்தினார். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாயனம் இது. குழல் நீண்டால் மூச்சு அதிகம் வேண்டும். பதிலுக்கு நாதத்தில் கனம் சேரும், மெல்லிய கமகங்களும் கேட்கும். மணிக்கணக்கில் ஒரே ராகத்தை ஆலாபனை செய்வதற்கு இந்தக் கனம் உதவியது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இன்றுவரை பேசப்படுவதில் குழலின் பங்கும் உண்டு.

இந்த வழியைத் தெற்கே கொண்டுவந்தவர் அருணாசலம். குருவிடம் இருந்த திடீர்ப் பாய்ச்சல்கள் இவரிடம் குறைவு. நாதத்தின் இனிமையும் சுரங்களின் தெளிவும் அதிகம். குருவைப் போலவே வாசித்தார் என்று புகழ்பவர்கள் உண்டு. கிடைக்கும் பதிவுகளைக் கேட்டால், குருவின் தோடியிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றே தோன்றும்.

ஒரு திருவிழா இரவு

பெரிய கோயில்களில் சுவாமி புறப்பாடு மல்லாரியோடு தொடங்கும். கம்பீர நாட்டை ராகத்தில், பாட்டுச் சொல் எதுவுமின்றி, தவிலை முன்னிறுத்தி வாசிக்கப்படுவது மல்லாரி. சுவாமி வீதிக்கு வந்ததும் ஆலாபனை தொடங்கும். கூட்டம் நாயனக்காரரோடு நடக்கும். வீதி முனையில் சப்பரம் நின்றால் இசையும் அங்கே நிலைகொள்ளும். நேரத்துக்கு ஏற்ற ராகம், இடத்துக்கு ஏற்ற உருப்படி என்று ஒழுங்கு இருந்தாலும், எவ்வளவு நேரம் என்பதற்கு வரம்பு கிடையாது. கரிசல் ஊர்களின் அம்மன் கோயில் பொங்கல்களில் இந்த ஒழுங்கு தளர்வானது. அங்கே கோயில் முன் பந்தல் போட்டு நடத்தும் தனிக் கச்சேரிக்கே மதிப்பு அதிகம்.

ஆலாபனைக்குத் தாளக் கட்டு இல்லை. கீழ்ச் சுரங்களில் தொடங்கி, ஒரு சுரத்தில் நின்று, அதைச் சுற்றிச் சிறு சிறு பிடிகளைக் கட்டி, அடுத்த சுரத்துக்கு ஏறுவார் கலைஞர். ஒத்து இடைவிடாமல் ஆதார சுருதியைத் தாங்கி நிற்கும். ஒத்து ஊதுபவர் ஒலி அறுபடாமல் மூச்சை மாற்ற வேண்டும். அது பெயர் கிடைக்காத உழைப்பு. தாரஸ்தாயி சட்ஜத்தை எட்டும் வரை கூட்டம் காத்திருக்கும். எட்டிவிட்டார் என்பது தெரிந்தாலும் கைதட்ட மாட்டார்கள். அங்கே நின்று நீளும் மூச்சு எப்போது முடியும் என்று தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அது இறங்கும்போதுதான் ‘ஆகா’ எழும்.

இந்தக் காத்திருப்பு வாசிப்பவருக்கும் கேட்கும். கூட்டம் கலையாமல் இருந்தால் ராகம் நீளும். கலைந்தால் கலைஞர் துக்கடாவுக்கு இறங்கிவிடுவார். துண்டுச் சீட்டில் விருப்பப் பாட்டை எழுதி முன்வரிசைக்கு அனுப்புவது ரசிகரின் உரிமை. அதை எப்போது ஏற்பது என்பது கலைஞரின் உரிமை. பிறகு பல்லவியோ கீர்த்தனையோ முடிந்து தவிலுக்குத் தனி வரும். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி என்று இரண்டு வேறு ஒலிகளை ஒரே ஆள் எழுப்ப, சுற்றிலும் நூறு கைகள் தொடையில் தாளம் போடும். தாளம் தவறிய கையைப் பக்கத்து ஆள் முறைப்பதும் உண்டு.

பேர்ட்லேண்ட், 1954

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நியூயார்க்கின் கறுப்பினக் கலைஞர்கள் ஜாஸ் இசையில் புதிய பாணி ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தனர். தேவாலயப் பாட்டின் அழைப்பும் ப்ளூஸின் ஏக்கமும் கலந்த வேகமான அந்த இசைக்கு ‘ஹார்ட் பாப்’ என்று பெயர். 1954 பிப்ரவரி 21 அன்று பேர்ட்லேண்ட் என்னும் இரவு விடுதியில் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஐவர் குழு வாசித்தது. டிரம்பெட்டில் கிளிஃபர்ட் பிரவுன், ஆல்டோ சாக்ஸபோனில் லூ டொனால்ட்சன், பியானோவில் ஹொரேஸ் சில்வர், பாஸில் கர்லி ரஸ்ஸல். புளூ நோட் நிறுவனத்துக்காக ரூடி வான் கெல்டர் அதை அங்கேயே பதிவு செய்தார். குழுவை அறிமுகம் செய்யும் குரல், பிளேக்கியின் பேச்சு, கூட்டத்தின் கைதட்டல் எல்லாம் அந்த இசைத்தட்டில் உள்ளன. கிளிஃபர்ட் பிரவுன் 1956 ஜூனில், 25 வயதில், கார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார்.

இரண்டு இசைகளும் இலக்கணத்தில் வேறு. ஹார்ட் பாப் கலைஞர் மாறிக்கொண்டே இருக்கும் சுர அடுக்குகளின் மேல் கற்பனை செய்கிறார். நாயனக்காரர் மாறாத ஒரே சுருதியின் மேல் செய்கிறார். ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டிலும் முன்பே எழுதி வைக்காத இசை அந்த இரவில், அந்தக் கூட்டத்தின் முன் பிறக்கிறது. காற்றுக் கருவியைத் தோல் கருவி பின்னாலிருந்து தள்ளுகிறது. பிளேக்கியின் உருட்டலைக் கேட்ட தவில் ரசிகர் எவரும் அந்நியமாக உணர மாட்டார்.

வேறுபாடு ஒன்று உண்டு, அதுதான் கசப்பானது. பேர்ட்லேண்டின் அந்த இரவை இன்று யாரும் முழுப் பாடல்களாகக் கேட்கலாம். எழுபது ஆண்டுகளாக ரசிகர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் பிரவுன் மூச்சு வாங்குகிறார் என்பதுவரை விவாதிக்கிறார்கள். கரிசலின் திருவிழா இரவுகளுக்கு அப்படிப்பட்ட வாய்ப்பு கிடைக்கவில்லை.

எஞ்சிய ஒலி

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடம் சொச்சம். ராகத்தை இரண்டு மணி நேரம் வாசிக்கும் கலைஞருக்கு அது மூச்செடுக்கும் நேரம். வானொலி அதைவிட நீண்ட நேரம் தந்தது. சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் தொடங்கின. ஆனால் வானொலி நிலையத்தில் கூட்டம் இல்லை. காருகுறிச்சியாரின் கரகரப்பிரியாவையோ தோடியையோ நிலையப் பதிவில் கேட்பவர் நாதத்தைப் பெறுகிறார். அந்த ‘ஆகா’ அங்கே இல்லை. ஸ்பூல் டேப் வைத்திருந்த சில ரசிகர்கள் பதிந்தவை மட்டும் கைமாறிக் கைமாறி இணையம் வரை வந்துள்ளன. அவற்றில் இரைச்சல் அதிகம். ஆனால் இசை ஏன் அந்த இடத்தில் நீண்டது என்பதற்கு அந்த இரைச்சல்தான் விளக்கம்.

பெருங்கூட்டத்துக்கு அவர் நாதம் போய்ச் சேர்ந்தது திரைப்படம் வழியே. எம்.வி. ராமன் இயக்கிய ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சிங்கார வேலனே தேவா’ பாடல் ஆபேரி ராகத்தில் அமைந்தது. திரையில் நாதஸ்வரம் வாசிப்பவராக ஜெமினி கணேசன் நடித்தார். நாயனம் முன்செல்லக் குரல் அதைப் பின்தொடர்ந்து பிடிக்கும் அந்த அமைப்பு, திருவிழா இரவின் ஆலாபனையைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கிய மாதிரி இருக்கும். தியாகராசரின் ‘நகுமோமு’ கீர்த்தனையும் இதே ராகம். ஆனால் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் குழாய் ரேடியோவில் இப்பாட்டைக் கேட்டவர்கள் அந்த ராகத்துக்கு இட்ட பெயர் ‘சிங்கார வேலனே ராகம்’.

படம் வந்து இரண்டு ஆண்டுகளில், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், அருணாசலம் மறைந்தார். திருநெல்வேலியில் வானொலி நிலையம் தொடங்கியது 1963ல். இன்னும் பத்தாண்டுகள் அவர் இருந்திருந்தால் அந்த நிலையத்தின் அலமாரி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நாயனத்தைத் தேடி வந்த ஜாஸ் கலைஞர்

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு ரசிகர் வந்தார். பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ (1923–2009) அமெரிக்க ஜாஸின் முதல்தர ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவர். சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற இசைத்தட்டில் வாசித்தவர். 1960களில் மலேசியாவில் பணியாற்றியபோது அங்குள்ள தமிழரிடையே நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கினார். கற்கத் தொடங்கினார். பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து பயின்றார். ஐரோப்பாவில் செய்த பதிவுகளில் சாக்ஸபோனை வைத்துவிட்டு நாயனத்தை எடுத்த பாடல்களும் உள்ளன. ஒற்றை நாணலில் பல்லாண்டு பழகியவர், இரட்டை நாணலான சீவாளியில் நடுவயதில் சுரம் பிடிப்பது எளிதல்ல. தமிழ்நாட்டுக் கலைஞரின் நேர்த்தியை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. ஒரு ஜாஸ் கலைஞரின் காது இந்தக் கருவியில் எதைக் கேட்டது என்பதற்கு அப்பதிவுகள் சாட்சி.

இன்றைய நிலை

கோவில்பட்டியில் காருகுறிச்சியாருக்கு நினைவிடம் உள்ளது. கரிசல் ஊர்களின் பொங்கல் நோட்டீசுகளில் ஒரு காலத்தில் தனி வரியில், பெரிய எழுத்தில் நாதஸ்வரக்காரர் பெயரும் தவில்காரர் பெயரும் இருக்கும். பின்னாளில் அந்த வரியை மெல்லிசைக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. இப்போது பல ஊர்களில் செண்டை மேளம் வருகிறது. மேளமும் நாயனமும் முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளமாகவும், சுவாமி அழைப்பின் சில நிமிடங்களாகவும் சுருங்கின. இரண்டு மணி நேரத் தோடிக்கு இடம் கொடுக்கும் பந்தல்கள் சிலவே மிஞ்சியுள்ளன. பொங்கல் விடிகாலையில் குழாய் ரேடியோக்காரர் முதல் பாட்டாக எதைப் போடுவது என்று யோசிக்கும்போது மட்டும், ஜானகியின் குரலுக்கு முன்னால், அந்த நாயனம் இன்னும் ஒருமுறை ஊருக்கு மேலே எழுகிறது.