கெய்கர் கவுண்ட்டரும் மகாவம்சமும்

போபாலுக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சாஞ்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். போன நவம்பர் கடைசி ஞாயிறு மைத்துனர் குடும்பத்தோடு போனால், நிற்க இடமில்லை. சாரிபுத்தர், மொக்கல்லானர் இருவரின் அஸ்தியை வெளியே எடுத்துத் தரிசனத்துக்கு வைக்கும் நாளாம். வெள்ளை உடையில் இலங்கை யாத்ரிகர்கள் நிறையப் பேர்.

ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். ஒரு நொடி இரண்டு பேருமே பேசவில்லை. பிறகு அவரே குன்றைக் காட்டி, "மகிந்தர் இங்கே தங்கிவிட்டுத்தான் எங்கள் நாட்டுக்கு வந்தார். மகாவம்சத்தில் இருக்கிறது" என்றார்.

மகாவம்சம் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கும். எண்பதுகளில் இலங்கைச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த எனக்கும் அப்படித்தான். ஆனால் படித்தது கிடையாது. படிக்காமலே கோபப்படுகிறோமே என்று உறுத்தியதால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் வில்ஹெல்ம் கெய்கர். பன்னிரண்டாவது படிக்கும் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கெய்கர் கவுண்ட்டர் கெய்கராப்பா?" என்றான். அவரில்லை, அவருடைய அப்பா!

1856இல் நியூரம்பெர்க்கில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். முதலில் கரைத்துக் குடித்தது பழைய ஈரானிய மொழிகளை. கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். 1891இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1895 கடைசியில் இலங்கைக்குக் கப்பல் ஏறியபோது வயது 39. (எங்கள் கிளையில் அந்த வயதில் புது சாஃப்ட்வேர் வந்தாலே முணுமுணுப்பு கேட்கும், என்னையும் சேர்த்து.) 1900இல் சிங்கள இலக்கியமும் மொழியும் பற்றிய அவருடைய நூல் வெளியானது. மாலத்தீவின் திவேஹி மொழி சிங்களத்தின் உறவு என்பதையும் ஆராய்ந்தார். 1908இல் மகாவம்சத்தின் பாலி மூலத்தைப் பதிப்பித்தார். அதே 1908இல்தான் மகன் ஹான்ஸ், மான்செஸ்டரில் ரூதர்போர்டோடு சேர்ந்து முதல் கவுண்ட்டரைச் செய்துகொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பு வந்தது 1912இல். கெய்கர் ஜெர்மனில் எழுத, மேபல் போட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதை ஆங்கிலமாக்கினார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் மகாவம்சத்தைப் பிக்குகளின் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். பக்தர்களுக்கோ வரிக்கு வரி உண்மை. கெய்கர் செய்தது எங்கள் பாஷையில் இன்ஸ்பெக்‌ஷன். லெட்ஜரில் இருப்பதை வெளியே உள்ள வவுச்சரோடு ஒப்பிட்டார். அதில் முக்கியமான வவுச்சர் இந்த சாஞ்சிப் பக்கம் கிடைத்தது. அசோகர் காலத்தில் இமயப் பகுதிக்கு மஜ்ஜிமர் என்ற தேரர் அனுப்பப்பட்டார் என்கிறது மகாவம்சம். 1851இல் கன்னிங்ஹாம் இங்குள்ள ஸ்தூபங்களைத் தோண்டியபோது கிடைத்த அஸ்திப் பேழைகளில் அதே பெயர் பொறித்திருந்தது. மகாவம்சம் எழுதப்பட்டது ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில். இலங்கையில் உட்கார்ந்து எழுதியவர், மத்திய இந்தியாவில் பல நூற்றாண்டுகளாகப் புதைந்து கிடந்த பேழையைப் பார்த்திருக்க வழியே இல்லை. அப்படியென்றால் கைமாறி வந்த பழைய பதிவு ஏதோ அவரிடம் இருந்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடவில்லை. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த அன்றே விஜயன் இலங்கையில் இறங்கினான் என்ற கணக்கை அவர் ஏற்கவில்லை. பண்டுகாபயன் 37 வயதில் அரசனாகி 70 வருஷம் ஆண்டானாம். டேலி ஆகாத கணக்கை இழுத்துக் கட்டியது அப்பட்டமாகத் தெரிகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 21ஆம் அத்தியாயம். சோழநாட்டிலிருந்து வந்து 44 வருஷம் ஆண்ட எல்லாளன், பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்கிறது. கட்டிலருகே ஆராய்ச்சி மணி. மகனின் தேர்ச்சக்கரத்தில் சிக்கிக் கன்று சாகிறது, பசு வந்து மணியை அடிக்கிறது, அதே சக்கரத்தால் மகனுக்குத் தண்டனை. நம் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையேதான்! 25ஆம் அத்தியாயத்தில் எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி வழிபடச் சொல்கிறான். அந்த இடம் வந்தால் அரசர்கள் வாத்திய முழக்கத்தை நிறுத்திவிடுவார்கள் என்றும் வருகிறது.

அதே அத்தியாயத்தில்தான் இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை பேரைக் கொன்றேனே என்று துட்டகைமுனு கலங்கும்போது, எட்டு அரஹந்தர்கள் வந்து, செத்தவர்களில் மனிதக் கணக்கில் சேர்வது ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்று தேற்றுகிறார்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த நாள்தான் மறுபடி திறந்தேன். கெய்கர் இரண்டையும் மழுப்பாமல் கொடுத்திருக்கிறார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளுக்கொரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மொழி விஷயத்திலும் அவருடைய உழைப்பு அவர் கையை மீறிப் போனது. சிங்களம் இந்தோ ஆரிய மொழி என்று அவருக்கு முன்பே சில்டர்ஸ் போன்றவர்கள் சொன்னதை, ஒலிமாற்றங்களை அடுக்கி உறுதிப்படுத்தியவர் கெய்கர். சமஸ்கிருத ஹஸ்த, பாலியில் ஹத்த, சிங்களத்தில் அத. மூன்றும் கைதான். மொழிக்குக் கொடுத்த அந்த வகைப்பாட்டை இனச் சான்றிதழாக மாற்றிக்கொண்டவர்கள் பின்னால் வந்த அரசியல்வாதிகள். ஆனால் அதே சிங்களத்தில் அம்மா, அக்கா, கடே எல்லாம் தமிழிலிருந்து போய்க் குடியேறியிருக்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. 1925இலும் 1931இலும் மறுபடி இலங்கைப் பயணம், கடைசிப் பயணத்தின்போது வயது 75. சிங்கள இலக்கணம் வெளிவந்தது 1938இல், 82 வயதில். 1943இல் இறந்தார். இடைக்கால இலங்கையின் பண்பாடு பற்றிய புத்தகம் அச்சானது 1960இல்தான்.

சாஞ்சி டீக்கடையில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த யாத்ரிகர் கூட்டத்தில் ஒரு பெண் பர்ஸைத் துழாவிக்கொண்டே, பக்கத்திலிருந்த தோழியிடம் என்னமோ கேட்டார். முழுதும் சிங்களம், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. "சல்லி." என் மனைவி சிரித்தபடி ஒரு இருபது ரூபாய்த் தாளை நீட்டினாள்.