நெகட்டிவ் இருந்த இடத்தில்

சாத்தான்குளம் 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர். தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் ஆல்டஸ் நிறுவனம், ஸ்கேனர் எடுக்கும் படங்களைச் சேமிக்க ‘டிஃப்’ என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டது. சாத்தான்குளம் உட்பட நெல்லைச் சீமையின் ஸ்டூடியோக்களில் அப்போது ஃபிலிம் ரோல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பிரிண்ட் வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் ஸ்டூடியோவுக்கு. கவரில் எண் எழுதிப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். பல வருஷம் கழித்து வீட்டுப் பெரியவர் காலமானால், பழைய கல்யாண நெகட்டிவிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்க முடிந்தது. பென்சிலால் நெகட்டிவிலேயே டச்சிங் செய்யும் கைத்திறனும் இருந்தது.

டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்தப் பெட்டியின் இடத்தை ஜேபெக் என்ற கோப்பு வடிவம் பிடித்தது.

ஜேபெக்கின் உள்ளிருக்கும் கணக்கு இந்தியர்களுடையது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதற்காக அகமது 1972இல் கேட்ட ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டிருந்தது. 1992இல் ஜேபெக் தரநிலை அதே கணக்கின் மேல் எழுந்தது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவதுதான் ஜேபெக்கின் வேலை. கழிந்தது திரும்பாது. திருத்தித் திருத்திச் சேமித்தால் இழப்பும் ஏறும்.

உச்சி வெயிலில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் பெண்ணின் கருஞ்சிவப்புப் பட்டையும் ஒரே படத்தில் எடுக்கும்போது ஜேபெக்கின் குறை தெரியும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் 14 பிட் ‘ரா’ கோப்பில் 16,384. வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பை ராவிலிருந்து பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். ஜேபெக்கில் அது வெறும் வெள்ளையாகவே நின்றுவிடும்.

ஸ்டூடியோக்காரர்கள் ஜேபெக்கைத் தேர்ந்ததற்கு நியாயம் இருந்தது. அப்போது மெமரி கார்டு சிறியது, விலையும் அதிகம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று ஜேபெக்கில் சுமார் 10 எம்.பி.; சுருக்காத 16 பிட் டிஃப்பில் 144 எம்.பி. ஆயிரம் படம் எடுக்கும் கல்யாணத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஆனால் ஆல்பம் கொடுத்து முடிந்ததும் கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் அழித்து மறுபடி பயன்படுத்தும் பழக்கம் பரவியபோது, நெகட்டிவைக் காத்த பழைய வழக்கம் அறுந்தது.

பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இறங்கியது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு. அந்தத் திட்டம் காப்பகப் பிரதிக்குக் கேட்கும் வடிவம் டிஃப். பல தலைமுறைக்கு வைத்திருக்க வேண்டிய படத்தில் ஒரு நுணுக்கமும் குறையக்கூடாது என்பதுதான் காரணம்.

ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் படமும் டிஃப்பில் வேண்டியதில்லை. தாலி கட்டிய நேரம், தாத்தா பாட்டி சேர்ந்து நிற்பது, இரு வீட்டார் கூட்டப்படம் என்று இருபதைத் தேர்ந்தெடுத்தால் 3 ஜிபிக்குள் அடங்கும். ஒரு பென்டிரைவ் போதும். அவற்றை ரா கோப்பிலிருந்து டிஃப்பாக மாற்றித் தரும்படி ஆல்பம் வாங்கும் அன்றே ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிவிட வேண்டும். ரா கோப்பு அழிந்த பிறகு ஜேபெக்கை டிஃப்பாக மாற்றினால் கோப்பின் எடை மட்டுமே கூடும்.