கைபட்ட பொருளும் கிறிஸ்துமஸ் பரிசும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழர் அனைவரும் அறிந்த செய்தி. அப்போர்வை மயிலுக்கெனப் புதிதாக வாங்கப்பட்டதன்று; அவன் போர்த்தியிருந்ததே. ஆயினும் அதனைப் பழந்துணி என்று நாம் இகழ்வதில்லை, கொடையென்றே போற்றுகிறோம். கிறிஸ்துமஸ் நெருங்குகையில், ஒருவர் கைபட்டுப் பழகிய பொருளை மற்றொருவர்க்குப் பரிசாக அளித்தல் தகுமா என்று ஐயுறுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இந்த ஐயத்தை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வரலாறு பெரிதும் துணைசெய்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் கடைவீதி அபர்டீன் பஜார். ஸ்காத்லாந்து நாட்டு நகரொன்றின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1858 மார்ச்சு மாதத்தில் 200 கைதிகளுடன் ஆங்கிலேயர் இங்குத் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினர். மறு ஆண்டு மே 17-ஆம் நாள் அந்தமான் பழங்குடியினர் அவர்களை எதிர்த்துப் போர்புரிந்த இடமும் அபர்டீனே. இன்று தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளிகளும் நிக்கோபார் மக்களும் கலந்து நடமாடும் வீதியாக அது விளங்குகிறது.

அந்நிக்கோபார் மக்களின் பழைய வாணிபம் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கல்கத்தாவில் துரைமார் அணிந்து கழித்த தொப்பிகளை வணிகர் கப்பலேற்றி நிக்கோபாருக்குக் கொண்டுசென்றனர். அங்கே நாணயம் செல்லாது, தேங்காயே நாணயம். கறுப்புப் பட்டை சுற்றிய உயரமான வெள்ளைத் தொப்பி ஒன்றுக்கு 55 முதல் 65 தேங்காய்கள் வரை கிடைத்தன என்று அக்காலச் செய்திக் குறிப்பு கூறுகிறது. ஐரோப்பியர் இதனை நகைத்து எழுதினர். நகைக்க என்ன இருக்கிறது? ஓரிடத்தில் மதிப்பிழந்த பொருள், அதனை விரும்புவோர் கையில் மீண்டும் மதிப்புப் பெற்றது. அது வாணிபமே, கொடையன்று. எனினும் பெறுபவர் எதை விரும்புகிறார் என்று வணிகர் அறிந்திருந்தனர். மேலும், ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளை உடைத்துக் கல்லறைமீது வைப்பது அம்மக்களின் பழைய வழக்கம். பொருளையும் உடையவரையும் பிரித்துப் பாராத மனநிலையை இதில் காண்கிறோம்.

கார் நிக்கோபாரில் கிறிஸ்துமஸ் வேரூன்றியதற்கு ஒரு தமிழரும் காரணர். சென்னையிலிருந்து வந்த வேதப்பன் சாலமன் என்பார், 1890-களில் அத்தீவின் மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்திச் சமயப் பணியும் புரிந்தார். அவருடைய மாணவரே ஜான் ரிச்சர்ட்சன். பிற்காலத்தில் அவர் பேராயராகவும் 1952-இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தவரும் அவரே.

2004-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாட் காலையில் ஆழிப்பேரலை எழுந்தது. கார் நிக்கோபாரின் கடற்கரை ஊர்கள் அழிந்தன. வீடுகளோடு தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பொருள்களும் கடலோடு போயின. அதே பேரலை தாக்கிய தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு நாடெங்கிலுமிருந்து பழந்துணிகள் வந்து குவிந்தன. அவற்றுள் பல, உடுத்த இயலாதனவாய்ச் சாலையோரங்களில் கிடந்தன. அனைத்தையும் இழந்தவர்க்கும் மானம் உண்டு என்பதை அனுப்பியோருட் பலர் மறந்தனர். தன்னை நேரிற் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் என்று புறநானூறு கூறுகிறது. பேகனின் போர்வையும் பழையது. சாலையோரத் துணியும் பழையது. முன்னது பெறும் உயிரின் தேவையைக் கண்டு கொடுத்தது. பின்னது வீட்டை ஒழிக்கும்போது கழித்தது. வேறுபாடு இவ்வளவே.

ஆகவே பழம்பொருளைப் பரிசாகத் தேர்வோர் முதலில் பெறுபவரை நினைத்தல் வேண்டும். சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கிய காலமுதல் அந்தமானின் செந்நிறப் படாக் மரம் புகழ்பெற்றது. பழைய படாக் பெட்டி ஒன்று கிடைத்தால், கீலைச் செப்பனிட்டு மெருகேற்றி, அது யார் வீட்டில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுக்கலாம். தீவுக்கு வெளியே அனுப்புமுன் வனத்துறை விதிகளைக் கேட்டறிதல் நலம். பவளத்தையும் பாதுகாக்கப்பட்ட சிப்பி வகைகளையும், பழையவை என்று சொல்லப்பட்டாலும், வாங்கலாகாது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் இடந்தராது. பொருளின் பிறப்பிடம் தெரியவில்லையாயின் விட்டுவிடுதலே முறை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் பொன்னினும் அரிய பழம்பொருள் ஒன்றுண்டு. அது தமிழ் நூல். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை, அச்சில் இல்லாத நூல்களைத் தேடுவோர்க்கு அது புகலிடமாயிருந்தது. அத்தகைய நூலொன்று உங்கள் அலமாரியில் இருக்கலாம். அதனைத் தேடும் நண்பர் டில்லியிலோ அபர்டீன் பஜாரிலோ இருக்கலாம். கிழிந்த ஏட்டை ஒட்டி, அட்டை கட்டி, அவர் பெயரெழுதி இக்கிறிஸ்துமஸுக்கு அனுப்புங்கள். உங்களுக்கு முன் அதனைப் படித்தவர் பெயர் முதற்பக்கத்தில் இருந்தால் அதனை அழிக்க வேண்டாம்.