கோட்டை மதில் வரைந்த தகப்பனும் மகனும்

எனக்குப் பதின்மூன்று வயதில் முதல் தடவை வந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கொப்பியின் நடுவில் ஒரு இலக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் இருந்து பல்லுப் பல்லான ஒரு வளைகோடு மின்னி மின்னிப் பெரிதாகியது. இருபது நிமிடத்தில் அது மறைய, தலையின் ஒரு பக்கத்தில் இடி தொடங்கியது. ஆசிரியரிடம் சொன்னேன். சோதனைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று நினைத்தார். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் அம்மா வேர்க்கொம்பு உரைத்து நெற்றியில் பூசி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, "படு பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

இந்த நோய்க்கு வயது அதிகம். நாங்கள் ஒற்றைத் தலைவலி என்கிறோம். சுசுருத சங்கிதையில் 'அர்த்தாவபேதகம்' என்று வருகிறது. அர்த்தம் என்றால் பாதி. மைக்ரேன் என்ற சொல்லும் 'பாதி மண்டையோடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். மூன்று மொழிக்காரரும் ஒரே இடத்தில்தான் கையை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மின்னல் கோட்டை எப்படி மற்றவருக்குக் காட்டுவது? அதற்கு லண்டனிலேயே ஒரு கதை இருக்கிறது. கிரீனிச் வானாய்வகத்தின் தலைவராக 1835 முதல் 1881 வரை இருந்தவர் ஜோர்ஜ் பிடல் ஏரி. உலக நேரத்துக்கு அடிப்படையாக இருந்த கிரீனிச் கோடு அவருடைய தொலைநோக்கி நின்ற இடத்தால்தான் போகிறது. அவருக்கும் இந்தக் கோடு கண்ணில் வந்தது. நட்சத்திரத்தைக் கவனிப்பதுபோல அதையும் கவனித்து, 1865 இல் படத்தோடு எழுதினார். அவருக்குப் பொதுவாகத் தலையிடி வருவதில்லை. மகன் ஹியூபர்ட் ஒரு மருத்துவர். அவருக்கும் அதே கோடு வந்தது. 1870 இல், சிறு புள்ளியாகத் தொடங்கிக் கோட்டை மதில்போல விரிவதை அவர் கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டார்.

இப்படிக் கவனித்ததால் என்ன பயன்? கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் கண்ணில் வந்த கோட்டை நேரம் பார்த்து வரைந்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கிறது என்று 1941 இல் கணக்கிட்டார். 1944 இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ, முயலின் மூளையில் அதேபோல மெதுவாகப் பரவும் ஓர் அலையைப் பற்றி எழுதினார். நடிப்பு என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு வேகம்கூட இருந்தது! பிறகு மருந்துகளும் வந்தன. 1991 இல் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. 2018 இல் இருந்து, சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுத்து, வலி வருவதையே குறைக்கும் ஊசிகளும் வந்திருக்கின்றன.

ஹியூபர்டின் படத்தை ஒருநாள் அம்மாவுக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தா. "இதுதான் எனக்கும் வாறது. சின்னனில இருந்து. விசர் எண்டு சொல்லுவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றா. இந்த நோய் குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று வாசித்திருந்தேன். ஆனாலும் அவ முப்பது வருடமாக அதை ஒளித்துவைத்திருந்தா என்பது எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நித்திரை, சாப்பாட்டைத் தவறவிட்டோமா, என்ன குளிசை என்று இருவரும் எழுதுகிறோம். அதை வைத்துத்தான் அம்மா மாதத்தில் 15 நாளுக்கு மேல் பரசிற்றமோல் எடுப்பதைக் கண்டுபிடித்தோம். மாதக்கணக்கில் அப்படி எடுத்தால் குளிசையே தலையிடியைக் கூட்டும். நாட்காட்டியைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினோம். இம்முறை விளக்கம் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஏதாவது தெரிந்தால் நேரத்தைக் குறியுங்கள், வரையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.