மூலநிரலும் உரிமமும்: நிகழ்நேர இயங்குதளங்களின் வரலாற்றிலிருந்து

காரின் பிரேக்கிலும், மருத்துவமனையின் மருந்தேற்றும் பம்பிலும் உள்ள சிறு கணினிகள் சரியான விடையைத் தந்தால் மட்டும் போதாது. குறித்த கெடுவுக்குள் தர வேண்டும். அக்கெடுவைக் காப்பதே நிகழ்நேர இயங்குதளத்தின் பணி. இத்தகைய கருவிகள் பத்து, இருபது ஆண்டுகள் உழைப்பவை. எனவே அவற்றின் இயங்குதளத்தைத் திருத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பது விலையைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இவ்வரலாற்றை வணிகம், திறமூலம் என இரண்டாகப் பகுப்பது வழக்கம். உண்மை அவ்வளவு நேராகப் பிரிவதில்லை. 1992இல் ழான் லப்ரோஸ் தம் மைக்ரோ-சி/ஓஎஸ் கெர்னலின் மூலநிரலை இதழிலும் நூலிலும் அச்சிட்டார். எவரும் வாசித்துக் கற்கலாம். ஆயினும் அதன் அடுத்த பதிப்பைத் தம் பொருளில் வைத்து விற்க விரும்பிய நிறுவனங்கள் கட்டண உரிமம் பெற வேண்டியிருந்தது. கனடாவின் கியூஎன்எக்ஸ் 2007இல் தன் மூலநிரலைப் பொதுப் பார்வைக்கு வைத்தது. வணிகப் பயன்பாட்டுக்கு அப்போதும் கட்டணம் உண்டு. 2010இல் பிளாக்பெர்ரி கைப்பேசிகளைத் தயாரித்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தின் கைக்கு அது சென்ற வேளையில் அந்தப் பார்வையும் மூடப்பட்டது.

ரிச்சர்ட் பாரி 2003இல் தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் வேறு வழியை நாடியது. இத்தகைய கருவிகளில் கெர்னலும் பயன்பாட்டு நிரலும் ஒரே கோப்பாக இணைக்கப்படுகின்றன. ஜிபிஎல் உரிமத்தை அப்படியே ஏற்றால் நிறுவனம் தன் சொந்த நிரலையும் வெளியிட நேரும். ஆகவே விதிவிலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது: கெர்னலில் செய்த திருத்தங்கள் திறந்திருக்க வேண்டும், அதன்மேல் எழுதியவை மூடியிருக்கலாம். 2017இல் அதன் பொறுப்பை அமேசான் ஏற்றபோது, இன்னும் தளர்வான எம்ஐடி உரிமம் வந்தது. 2020இல் மைக்ரோ-சி/ஓஎஸ் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2019இல் வாங்கிய திரெட்எக்ஸ், 2023இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் எம்ஐடி உரிமத்துடன் ஒப்படைக்கப்பட்டது.

இதைக் கொடையுள்ளம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. வருவாய் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது: சில்லு விற்போருக்கும் மேகக் கணிமைச் சேவை விற்போருக்கும் கெர்னல் வாடிக்கையாளரை அழைத்துவரும் வாயில். மறுபுறம், பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்றும் விலை உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ் வழிவந்த சேஃப்ஆர்டிஓஎஸ் சான்றிதழோடு வணிக உரிமத்தில்தான் விற்கப்படுகிறது. பழுது நேர்ந்தால் பதில் சொல்லும் பொறுப்புக்கு ஒருவரைப் பெறவும் அந்தப் பணம் பயன்படுகிறது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' என்ற சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் 'இலவசம்', 'கட்டற்றது' என்ற இரு சொற்கள் உள்ளன. கியூஎன்எக்ஸ் காட்டியது இலவசப் பார்வை. உரிமையாளர் மாறியதும் அது போயிற்று. எம்ஐடி உரிமத்தில் வெளியான பதிப்போ, நிறுவனம் கைமாறினாலும் பயன்படுத்தவும் திருத்தவும் நம்மிடம் எஞ்சும். இருபதாண்டு உழைக்கவேண்டிய கருவியை வடிவமைப்பவர் விலைப்பட்டியலுக்கு முன் உரிமத்தின் இந்தப் பகுதியைப் படிப்பது நல்லது.