டொலரில் ஒரு பரீட்சை: படுவான்கரையில் கணினிச் சான்றிதழின் பெறுமதி

தொழில்நுட்பச் சான்றிதழால் பயனுண்டா என்பதைப் பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே அளக்கிறார்கள். போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளியிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி முந்துகிறது: அந்தச் சான்றிதழை வாசிப்பவர் எங்கே இருக்கிறார்? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வேளாண்மையை நம்பியிருக்கும் படுவான்கரையில் சிஸ்கோவின் கணினி வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ.யைக் கேட்டு ஆளெடுக்கும் நிறுவனம் அரிது. அதை வாசிப்பவர் கொழும்பில் இருக்கிறார். டோகாவிலும் துபாயிலும் இருக்கிறார்.

பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு தகைமை திறமையை வளர்க்காவிட்டாலும் அதை வெளிக்காட்டும் சமிக்ஞையாகலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. திறமை குறைந்தவருக்கு அதைப் பெறுவது கூடிய செலவாக இருக்க வேண்டும். படுவான்கரையில் பிசகுவது இந்த நிபந்தனைதான். சி.சி.என்.ஏ. பரீட்சைக் கட்டணம் 300 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது 60,000 ரூபா. அவ்வாண்டு மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியதும் அதே பரீட்சை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. வினாக்கள் கடினமானதால் அல்ல. சான்றிதழோ மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும்.

பணம் கிடைத்தாலும் தடைகள் தீர்வதில்லை. வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம். அதற்குத் தனியறை, அறுபடாத இணையம், கமரா வேண்டும். இடையில் யாராவது உள்ளே வந்தால் பரீட்சையை நிறுத்திவிடுவார்கள். அம்மா தேநீர் கொண்டுவந்தாலும் அதே விதிதான். தகப்பன் பெயரை முன்னே கொண்ட நம் பெயர்கள் ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்ற கட்டங்களில் தடுமாறும். அடையாள ஆவணத்தோடு பெயர் பொருந்தாவிட்டால் பரீட்சைக்கே அனுமதியில்லை. ஆக, இந்தச் சமிக்ஞையில் திறமையோடு ரூபாவின் விலை, வீட்டின் அமைப்பு, பரீட்சை மொழியான ஆங்கிலம் எல்லாம் கலந்துவிடுகின்றன.

அப்படியானால் படுவான்கரைப் பிள்ளைக்கு அது வேண்டாமா? என் வாதம் நேர்மாறானது. கொழும்பின் பெயர்பெற்ற பாடசாலையில் படித்தவருக்காகப் பழைய மாணவர் சங்கம் பேசும், மாமாவின் நண்பர் பேசுவார். பட்டிருப்புப் பாலம் தாண்டி, 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய் நேர்முகத்தேர்வில் அமர்பவருக்காகப் பேச யாருமில்லை. அந்த இடத்தைச் சான்றிதழ் நிரப்புகிறது. எனவே எங்கே செலவு மிகுதியோ, அங்கேதான் பெறுமதியும் மிகுதி.

எல்லாச் சான்றிதழுக்கும் இது பொருந்தாது. றொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட ‘பட்டச் சான்றிதழ் நோய்’ பற்றிய நூலில் ஆராய்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அந்த நோய் இன்னும் மாறவில்லை. நேர்முகத்தேர்வுக்கு வரும் கோப்பைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைகளில் கருத்தரங்குப் பங்கேற்பு, முதலுதவி, ஆறு மாதக் கொம்பியூட்டர் ‘டிப்ளோமா’ என்று அடுக்கியிருக்கும். யாரும் தவறாத பரீட்சையின் தாள், வைத்திருப்பவரைப் பற்றி எதுவும் சொல்லாது.

இவற்றுக்கு வெளியே அரசின் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நெறிப்படுத்தும் இதில் ஏழு மட்டங்கள் உண்டு. தமிழிலேயே படித்து மதிப்பீட்டுக்குப் போகலாம். கடையில் வேலை பார்த்தே கைத்தொலைபேசி திருத்தக் கற்றவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியால் தகைமை பெறலாம். இதை வாசிப்பவர் பெரும்பாலும் அரச திணைக்களத்தினரும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவருமே. கொழும்பு மென்பொருள் கம்பனி இதற்கு அவ்வளவு மதிப்புத் தருவதில்லை. அது தவறென்றே கருதுகிறேன், ஆனாலும் நடைமுறை அதுதான். ஆகவே என்.வி.கியூ. நான்காம் மட்டத்தை முதலில் முடித்து, போக வேண்டிய இடத்தைத் தீர்மானித்த பிறகு ஒரேயொரு டொலர்ப் பரீட்சைக்குப் போவதே பொருந்தும். மூன்றாண்டுக் காலக்கெடு ஓடத் தொடங்கும்போது வேலை தேடலும் தொடங்கியிருக்க வேண்டும்.

கட்டண உதவியையும் இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். சித்தியடைந்த பின் பணத்தை மீளளிக்கும் திட்டம், முதலில் கட்ட முடிந்தவரையே சென்றடையும். பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கடனை விதைப்புக்கு முன் கொடுத்து, அறுவடைக்குப் பின் அறவிடும் முறை இப்பகுதி வங்கிகளுக்குப் பழக்கமானது. பரீட்சைக் கடனையும் அப்படியே பதிவு நாளில் கொடுத்து, முதற் சம்பளத்திலிருந்து அறவிடலாம். இரண்டாம் முறை எழுத நேர்ந்தால் அந்தக் கட்டணத்துக்கும் அதில் இடம் வைக்க வேண்டும்.